எடுக்கக் கூடாத மணி

அன்புள்ள குட்டிக்கு, அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முதல் பாதியை எழுதப் பேனா மறுக்கிறது. இரண்டாம் பாதி மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. உன் நலத்தை உன்னிடமிருந்து அறிய வேறு வழி இல்லாமல்தான் கடைக் கதவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துவிடுகிறாள், அவள் காது கேட்க என்னால் பேச முடியாத விஷயம் இது. தனியாகப் பேசினாலும் நீ சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது, முழுதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிச் சுற்றி இந்த மாதம் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. அந்த மூன்று மாடி வீட்டுக்காரர் தன் மோட்டாரை மறுபடியும் கருக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், தொட்டியில் தண்ணீர் இல்லை என்று தெரிந்தும் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார், கேட்டால் சத்தம் வரலியே என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாடிப்படி ஏறாதே என்றால் துணி யார் காயப்போடுவது என்கிறாள், நான் போடுகிறேன் என்றால் நீங்க போட்டா சுருக்கம் போகாது என்கிறாள். உன் அத்தை போன வாரம் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே இன்னும் படிக்கிறாளா என்றுதான் ஆரம்பித்தாள். நீ அங்கே ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம் பிறந்த அவள் பேரன் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறானாம், இவன் முதல்ல முடிச்சிடுவான் போலிருக்கே என்று ஒரு சிரிப்பு வேறு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று நான் பேசாமல் டீயைக் குடித்தேன். உன் அம்மா விடவில்லை. உங்க பேரனுக்கு வாத்தியார் சொல்லித் தர்றார், எம் பொண்ணு எந்த வாத்தியாருக்கும் தெரியாததைத் தேடிக்கிட்டிருக்கா, நேரம் ஆகத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு, அத்தை குடித்து முடிப்பதற்குள் கோப்பையைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உன் போனில் கேமரா கெட்டுவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து உன் முகத்தைப் பார்க்காமல் தவிக்கிறாள், அதை எங்கே மாற்றலாம் என்று போன் ரிப்பேர்க்காரரிடம் விசாரித்துக்கூட வைத்திருக்கிறாள். அந்தக் கேமராவுக்குப் பிறகு வருகிறேன்.

நீ அங்கே போன புதிதில் நாம் மூன்று பேரும் பேசி ஒரு ஏற்பாடு செய்தோமே. லேபில் இருக்கும்போது உனக்குப் பேச நேரம் இருக்காது, அதனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மிஸ்டு கால். சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். அதை எடுக்கக் கூடாது, எடுத்தால் பேச்சு வளர்ந்து உன் வேலை கெடும். இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரு நாள்கூட எடுத்ததில்லை. இன்னொன்று உனக்குத் தெரியாது. உன் அம்மா தன் தட்டில் போட்டு மூடி வைத்துக்கொண்டு அந்த மணிக்காக உட்கார்ந்திருப்பாள். மணி அடித்து நின்றதும் சாப்பிட்டுட்டா என்று சொல்லிவிட்டுத்தான் மூடியை எடுப்பாள். அதற்கு முன்னால் எனக்குப் பரிமாறினாலும் எனக்கும் இறங்காது. இரண்டு வாரத்துக்கு முன்னால் சமையலறைத் தொட்டியின் அடியில் குழாய் ஒழுகியது, நான் தரையில் மல்லாந்து படுத்து முடுக்கிக்கொண்டிருந்தேன், அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்த போன் அடித்தது, அடித்த அதிர்வில் நகர்ந்து நகர்ந்து தண்ணீர்ப் பக்கம் போனது, விழப்போகிறதே என்று எழுந்து ஈரக் கையோடு பிடித்தேன், விரல் எங்கே பட்டதோ, எடுத்தாகிவிட்டது. அடடா, பிள்ளையின் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று வைக்கப் போனேன். அச்சச்சோ எடுத்துட்டாங்களே என்றது அந்தப் பக்கம் ஒரு குரல். அது உன் குரல் இல்லை குட்டி.

யாரும்மா நீ, என் பொண்ணு எங்கே என்றேன். உன் பக்கத்து மேஜைக்காரியாம். நீங்க எடுக்கவே மாட்டீங்கன்னு சொன்னாளே அங்கிள் என்று முதலில் என்னையே குற்றம் சொன்னாள், அப்புறம் அழுதுவிட்டாள். மெஷின் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம், உனக்கு மெஷின் கிடைப்பதே எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில்தானாம், நீ போனை அவள் மேஜையில் வைத்து வீட்டுக்கு ரிங் குடுத்துடு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாயாம். ரெண்டு மாசமா நான்தான் அங்கிள் குடுக்கிறேன் என்றாள். அப்ப அவ எப்ப சாப்பிடறா என்றேன். பிஸ்கட் வச்சிருக்கா அங்கிள் என்றாள். தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. குளிர் அறையில் நீ மயங்கி விழுந்ததும், அலமாரி விளிம்பு பட்டு நெற்றியில் தையல் போட்டதும், ரத்தம் இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு எப்படி நடமாடுகிறாய் என்று டாக்டர் திட்டியதும், ஓய்வெடுக்கச் சொன்னதற்கு மறுநாளே நீ லேபுக்குப் போய் நின்றதும். கேமரா ஏன் கெட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், நீ நெற்றியையே மறைத்திருக்கிறாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீ ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏறக் கிடந்த அன்று ராத்திரியும் இங்கே மணி அடித்தது. சாப்பிட்டுட்டா என்று உன் அம்மா மூடியை எடுத்தாள். நானும் சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் எனக்கு உன்மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

உன் ஆய்வைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. புரதம் எப்படி மடிகிறது என்று ஒரு தடவை துண்டை மடித்துக் காட்டினாய், எனக்குத் துண்டு மட்டும்தான் புரிந்தது. ஆனால் ஒரு ஆள் இன்னொரு ஆளை எப்படி வேலை வாங்குகிறான் என்பது புரியும். அந்தப் பெண் சொன்னதையெல்லாம் கேட்டேன், நீ உன் கைடிடம் கொடுத்த ஆய்வேட்டு அத்தியாயம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது, ஆனால் அவர் வகுப்புப் பரீட்சைத்தாளை நீ உடனே திருத்த வேண்டும், அவர் பேசுகிற கூட்டத்துக்கு நீ படம் தயார் செய்ய வேண்டும், வருகிறவர்களுக்கு நாற்காலிகூட நீதான் போட வேண்டும். தையல் போட்ட மறுநாள் அவர் உன்னிடம் கேட்டது அந்த கிராஃப் எப்ப வரும் என்றாம். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். போய் அவரோடு சண்டை போடு என்று நான் சொல்லவில்லை. மெஷினைப் பகலில் ஒதுக்கிக் கொடுங்கள் என்று வாயால் கேட்காதே, எழுதிக் கேள், எழுத்துக்குத்தான் பதில் வரும். அவர் ஒருவரே கடவுளில்லை, உன் கமிட்டியில் ஒரு அம்மா இருக்கிறாரே, நல்லவர் என்று நீயே சொன்னாயே, அவரிடம் போய் உட்கார். பரீட்சைத்தாளுக்கு இந்த வாரம் முடியாது என்று ஒரு தடவை சொல்லிப் பார், கட்டடம் இடிந்து விழாது. நான்கூட வாரத்தில் ஒரு நாள் கடையைச் சாத்துகிறேன். உள்ளே போகும் முன்னால் சாப்பிடு, முட்டையும் பாலுமாவது சாப்பிடு, பிஸ்கட் பையை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடு. அவளை ஒரு வார்த்தை திட்டாதே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க அங்கிள் என்று கெஞ்சினாள், அந்த வாக்கை நான்தான் காப்பாற்றவில்லை.

முடித்துவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். விட்டுவிட்டு வா என்றும் சொல்ல மாட்டேன். அத்தைக்கும் ஊருக்கும் பதில் சொல்ல உன் அம்மா ஒருத்தி போதும். சுவர் இருந்தால்தான் சித்திரம், எனக்குச் சுவரைப் பற்றித்தான் பேச்சு. போன ஞாயிறு பேசும்போது, தெரியாதவன் மாதிரி உடம்பு எப்படி இருக்கும்மா என்று கேட்டேன், உனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன். உடம்புக்கென்னப்பா என்றாய். எரிகிற மோட்டாராவது கடைசியில் கொஞ்சம் உறுமும், நீ அதுவும் செய்யவில்லை. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முழங்காலையும் இழுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் கிளம்பிவிடுவாள் என்பது ஒன்று. நீதான் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. ஆக நீ, உன் சிநேகிதி, நான், மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம். தினமும் அவள் அந்த மூடியை எடுக்கும்போது நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது பழக்கமில்லை, என்னால் முடியவில்லை.

இதுவரை கடையில் எழுதியது. இனி வீட்டில் எழுதுகிறேன், அம்மா ஏதோ பில் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதுதான் மணி அடித்தது. அடித்து நின்றது. சாப்பிட்டுட்டா, வாங்க என்கிறாள். அடித்தது நீயா, பக்கத்து மேஜையா என்று எனக்குத் தெரியவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். குட்டி, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த நாளிலிருந்து ஏற்பாடு மாறுகிறது. மணி அடித்தால் நான் எடுப்பேன். எடுத்தால் உன் குரல் இருக்க வேண்டும். சாப்பிடலப்பா என்று சொன்னாலும் சரி, முடியலப்பா என்று சொன்னாலும் சரி, அழுதாலும் சரி, அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்து கேட்கிறோம். பேச முடியாத நாளில் மணியே வேண்டாம். ஒரு வேளை பட்டினி கிடந்தால் நாங்கள் செத்துவிட மாட்டோம். இது மிரட்டல்தான், அப்படியே வைத்துக்கொள்.

நீண்ட ஆயுளும் உடம்பில் ரத்தமும் மனதில் தெம்புமாக நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் மற்ற பட்டமெல்லாம். தையல் பிரித்தார்களா, இல்லையா என்பதை மறக்காமல் எழுது.

இன்னும் சாப்பிடாத
உன் அப்பா