நண்டுக் கூட்டின் பருத்தி நூல்

விளாங்குடி,
7.10.2024

அன்புள்ள வாணிக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. கடையில் வேலை இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, கடிதம் எழுதுங்கள் என்றாய். பஸ் சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற கையைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். எழுத்து கோணலாக இருந்தால் பழி உன்மேல்தான்.

போன முறை வந்தபோது, கிழிந்த வலையைத் தைக்கச் சொல்லி ஒரு சாக்கு நிறைய நண்டு பிடிக்கிற கூடுகளை விட்டுப் போனாயே, எல்லாம் முடிந்தது. ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மீன்வள ஆய்வு நிலையத்துக்குக் கூடு செய்து தந்த மகராசன் யார்? ஒவ்வொரு கூட்டிலும் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, அதைப் போய்ப் பருத்தி நூலால் கட்டியிருக்கிறான். பாதி நூல் மக்கிக் கிடக்கிறது. நண்டு முட்டினாலே திறந்துகொள்ளும். அத்தனையையும் அறுத்தெறிந்துவிட்டு, சீட்டுக்குப் போடும் நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். இனி ஏழு ஜென்மத்துக்கும் அவிழாது. சாக்கைத் தொண்டி பஸ் கண்டக்டர் அழகுபாண்டி அண்ணனிடம் ஏற்றிவிட்டேன்.

தீபாவளிக்கு வந்துவிடு. வீட்டில் எதையும் மாற்றவில்லை. ஆர்த்திகாவின் தொட்டில்கூட நம் அறையில் அப்படியே தொங்குகிறது. கடையடைத்து வந்ததும் ஒரு முறை ஆட்டிவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன்.

உன் மாமா,
மருது

*

தொண்டி,
18.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சாக்கு முதலில் வந்தது, கடிதம் பிறகுதான் வந்தது. தையலைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் கையே கை" என்றார்கள் படகில். எனக்கும் பெருமைதான். அன்றே கூடுகளைக் கடலில் இறக்கிவிட்டோம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் கதவையும் நைலானால் தைத்தது தெரிந்தது.

மாமா, அந்தப் பருத்தி நூல் மக்குவதற்காகவே கட்டுவது. காற்றில் கயிறு அறுந்தால் கூடு கடலடியிலேயே தங்கிவிடும். எடுக்க ஆள் வராவிட்டாலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே செத்த நண்டு அடுத்த நண்டுக்கு இரை. அதைத் தின்ன வந்தது மாட்டிக்கொண்டு சாகும். நூல் மக்கினால் கதவு திறந்துவிடும், உள்ளே இருப்பது தப்பித்துப் போகும். நண்டு எம்புட்டு இருக்கிறது என்று பார்க்கப் போகிறவர்கள் நாங்கள், கொல்லப் போகிறவர்கள் இல்லை. அவசரமாகப் போய் எடுத்தோம். மூன்று கூடுகள் கிடைக்கவில்லை. காற்றில் மிதவை அறுந்துவிட்டது.

இந்த வாரம் இழுவை வலை ஆய்வு தொடங்குகிறது. போன வருஷம் இழுத்த அதே இடம், அதே அளவு நேரம். மீன் வேறெங்கோ கிடக்கிறது என்று தெரிந்தாலும் அங்கே போகக் கூடாது. வெறும் வலை வந்தால் ஒன்றுமில்லை என்றே எழுத வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. இல்லாததை இல்லை என்று சொல்ல விடுகிறார்கள்.

தீபாவளிக்கு நான் வரவில்லை. பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே தொட்டிலை அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டேன். அதற்குக் கீழே படுத்து என்னால் தூங்க முடியவில்லை என்று அழுதேன். நீங்கள் இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள்
வாணி

*

விளாங்குடி,
4.11.2024

அன்புள்ள வாணிக்கு,

தீபாவளி போனது. அம்மா பணியாரம் சுட்டாள். உன் பங்கையும் நான்தான் தின்றேன்.

நண்டுக்குப் பாவம் பார்க்கிறாய், கட்டினவனுக்குப் பார்க்க மாட்டேன் என்கிறாய். நல்லது என்று நினைத்துத்தான் தைத்தேன். ஒரு நூலுக்கு இம்புட்டுப் பேச்சா?

அம்மாவும் நச்சரிக்கிறாள். "வெறுந்தொட்டில ஆட்டக் கூடாதுடா, வீட்டுக்கு ஆகாது" என்கிறாள். ஆகாதது இனி என்ன பாக்கி இருக்கிறது? அதை அவிழ்த்துவிட்டால் ஆர்த்திகா இந்த வீட்டுக்கு வந்து போனதற்கு ஒரு அடையாளம் உண்டா? பச்சைப் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்று ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. உன் வளைகாப்புச் சேலையில் நான் கட்டிய அந்தத் தொட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் வா.

உன் மாமா,
மருது

*

தொண்டி,
12.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபப்படாதீர்கள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

இன்று இழுவை வலையைக் கொட்டியபோது, காரலும் கணவாயும் இறாலுமாகக் கிடந்த குவியலில் காணாமல் போன கூடு ஒன்று வந்தது. உங்கள் தையல் பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே நண்டு ஓடுகளாகக் கிடந்தன. அவற்றின் மேல் உயிரோடு ஒரு சினை நண்டு. வயிற்று முட்டை கறுத்து, பொரிக்கிற பக்குவத்தில் இருந்தது. கதவைத் திறக்கப் பார்த்தேன். இத்தனை மாத உப்புத் தண்ணீரிலும் உங்கள் நூல் ஒரு இழை விடவில்லை. கத்தியால் அறுத்துத்தான் அதைக் கடலில் விட்டேன். பிறகு படகிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அளக்க வேண்டிய மீனெல்லாம் அப்படியே கிடந்தது. 

மாமா, நீங்கள் கெட்டவர் இல்லை. நன்றாகத் தைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்த வீட்டில் என் துக்கத்தை நீங்களும் உங்கள் துக்கத்தை நானும் தின்றுகொண்டிருந்தோம். இனி நான் திரும்பி வரவில்லை. கோரிப்பாளையத்து வக்கீல் அம்மா காகிதம் அனுப்புவார். கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பிரியம் இல்லாமல் கேட்கவில்லை. பிரியம் இருக்கும்போதே கேட்கிறேன்.

வாணி

*

விளாங்குடி,
9.3.2025

வாணி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அன்று யாருக்கும் சீட் தைத்துக் கொடுக்கவில்லை.

நேற்று ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டிலை அவிழ்த்தேன். நான் போட்ட முடிச்சு, லேசில் விடவில்லை. அம்மா கத்தரிக்கோலை நீட்டினாள். சேலை கிழிந்துவிடும் என்று விரலாலேயே அவிழ்த்தேன். மடிக்கும்போது பிள்ளைக்குக் கட்டியிருந்த வசம்பின் வாசனை வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஆர்த்திகா போன அன்று உன்னைப் பிடித்துக்கொள்வதிலேயே இருந்துவிட்டேன். அழவில்லை. நேற்றுத்தான் அழுதேன்.

சேலையைத் துவைக்கவில்லை. அந்த வாசனை உனக்கும் வேண்டியிருக்கும் என்று அனுப்புகிறேன். வக்கீல் காகிதம் அதன் மடிப்புக்குள் இருக்கிறது. எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த முறை வா என்று எழுதவில்லை.

பார்சலைக் கண்டதும் பழக்கத்தில் கோணி ஊசியும் நைலானும் கைக்கு வந்துவிட்டன. எடுத்து வைத்துவிட்டுப் பருத்தி நூலால் ஒரு சுற்றுக் கட்டியிருக்கிறேன். அழகுபாண்டி அண்ணன் கொண்டுவருவார். லேசாக இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். கத்தி வேண்டியிருக்காது.

மருது