மூன்று நாள் தண்ணீர்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். வெள்ளம் வந்தால் நடக்க முடியாத அப்பாவை மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவர் திட்டுவதைக் கேட்க மூன்றாவது ஆளாக நான் இல்லையே என்றிருக்கிறது.

நம் ஆறு இங்கே இன்னும் கைக்குழந்தைதான். ஒரே தாண்டில் அக்கரை போய்விடலாம். இரு பக்கமும் செங்குத்தாக மலை, நடுவில் ஆட்டுக்குட்டி அளவுப் பாறைகள். காலையும் மாலையும் அளவுகோலில் நீர்மட்டம் பார்த்து எழுதுகிறேன். இங்கே ஏறும் வெள்ளம் சமவெளியில் வளைந்து வளைந்து ஊர்சுற்றிவிட்டு, மூன்று நாள் கழித்துத்தான் உன் வாசலுக்கு வரும். நிம்மதியாகத் தூங்கு, நான் இருக்கிறேன்.

உன் அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கைக்குழந்தையா? இங்கே வந்து பார், தொந்தியும் தொப்பையுமாகக் கிடக்கிறது. அக்கரை தெரியாது. பள்ளத்தாக்கு என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை. உன் பாறையெல்லாம் வழியில் தேய்ந்து, சலித்த மாவு போன்ற சேறாகத்தான் வந்து சேர்கிறது. கடல் ஏறினால் ஆறு வந்த வழியே திரும்புகிறது. படகுத்துறையில் கயிறு மாற்றிக் கட்டியே கை காய்த்துவிட்டது.

ஐந்து வருடமாக 'அடுத்த மாதம் வருகிறேன்' என்கிறாய். தண்ணீர்கூட மூன்று நாளில் வந்துவிடுகிறது.

உன் தம்பி

ஆகஸ்ட் 27

தம்பி,

இது நான்காவது கடிதம். திட்டியாவது எழுது.

இங்கே வெள்ளம் ஏறிய அன்று போனில் "மூணு நாள் இருக்குடா, அவசரப்படாதே" என்றது, சுவரில் தொங்கும் பழைய அட்டவணையைப் பார்த்துத்தான். சமவெளியில் நான்கு வளைவுகளை வெட்டி ஆற்றை நேராக்கிவிட்டதாகப் போன வருடமே சுற்றறிக்கை வந்தது. கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தேன். அட்டவணையைத் திருத்தவில்லை. சுற்றுவதற்கு வளைவில்லாமல் வெள்ளம் ஒன்றரை நாளில் உன்னிடம் வந்துவிட்டது. பதினெட்டு வருட வேலை, பாழாய்ப்போன ஒரு தாளை மாற்றக் கை வரவில்லை எனக்கு.

அப்பாவைக் கொன்றது நான்தான். அடக்கத்தன்று வாசல்வரை வந்தேன். உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன்.

அக்கா

செப்டம்பர் 9

அக்கா,

நீ வந்து நின்றதைப் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை. கோபம் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன்.

நீ போனில் சொன்ன மறுநாள் காலையிலேயே தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. சந்தேகப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து அப்பாவைத் தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "உங்க அக்கா மூணு நாள்னா மூணு நாள்தான்டா. அவ கணக்கு தப்பாது. நீ போய்ப் படகைக் கட்டு" என்றார்.

நானும் போய்ப் படகைக் கட்டினேன்.

இனி எழுதாதே, அக்கா.

தம்பி