உன் பக்கத்து நாற்காலி

அன்பு மகளே,

நாக்குப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக, என் நாக்கில் அறுவை செய்த ஒமாஹா மருத்துவமனையில் மாதாமாதம் ஒரு கேள்வித்தாள் தருகிறார்கள். 'யார் முன்னாலும் சாப்பிடுவீர்களா?' என்பதற்கு இதுவரை 'இல்லை' என்றே எழுதிவந்தேன்.

நேற்று மாட்டு ஏலக்கூடத்து உணவகத்தில் சூப் குடித்தேன். பாதி சட்டையில் வழிந்தது. பழைய கூட்டாளி வெர்ன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏன்டா, கன்னுக்குட்டி பால் குடிச்சுப் பாத்ததே இல்லையா?" என்றேன். மூன்றாம் தடவை சொன்னபோதுதான் அவனுக்குப் புரிந்தது.

"வாய்க்கொழுப்பு மட்டும் கொறையலடா ஒனக்கு!" என்று சிரித்தான்.

உன் கல்யாண விருந்தில் எனக்கு உள்ளறையில் தனியாகப் பரிமாறலாம் என்று எழுதியிருக்கிறாய். முடியாது. உன் பக்கத்து நாற்காலி எனக்கு. துண்டு நானே கொண்டுவருகிறேன்.

இந்த மாதத் தாளில் 'ஆம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆராய்ச்சிக்குப் பொய் சொல்லக் கூடாது. என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் அப்பா