பெரிய கார்ட்டா, சின்னக் கார்ட்டா, ராத்தா?

ராத்தா,

போன கிழமை கம்பியூட்டரிலிருந்து கருகல் வாசம் வந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நாம் கடைசியாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்ட் எரிந்துபோயிருந்தது. நீங்கள் மௌத்தாகிப் போன பிறகு இடைக்கிடை நான்தான் போட்டுப் பார்ப்பேன், உங்கள் லொறி கேம் ஓடுகிறதா என்று. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

மஃரிப் தொழுதுவிட்டுப் பிளேன்டீயோடு கதிரையில் வந்து குந்துவீர்கள். ஊரே சுட்டுத் தள்ளி விளையாடும்போது, நீங்கள் மட்டும் பனி கொட்டும் பாதையில் லொறி ஓட்டுவீர்கள். குறிஞ்சிப்பிட்டிக் கடற்கரையைத் தாண்டாத, பனியையே காணாத மனுசி, சிக்னல் போடாமல் ஒரு வளைவு திரும்பமாட்டீர்கள். எனக்கோ பெரிய கார்ட் வேண்டும், திரையில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக ஆட வேண்டும். ஒரு ராத்தாவும் தம்பியும் இதற்கா சண்டை பிடிப்பார்கள் என்று உம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

“ரெண்டு மூட்டை வெங்காயம் ஏத்த பத்துச் சில்லு லொறி என்னத்துக்கு தம்பி? மொதல்ல மொனிட்டரப் பாரு, பவர் சப்ளையப் பாரு. பொறகு கார்ட்டப் பாரு” என்பீர்கள்.

இப்போது எரிந்ததற்கு முந்திய கார்ட்டில் நாம் இருவருமே ஏமாந்தோம். சூடாகிறது என்று பக்கத்து மூடியைக் கழற்றி, மேசை விசிறியைத் திருப்பி வைத்தோம். இணையத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே கடல் இல்லை. உப்புக் காற்று புகுந்து கார்ட்டின் செப்புப் பல்லெல்லாம் களிம்பேறிப் பச்சை பூத்துவிட்டது. “இதையும் கருவாடு போட்டாச்சி” என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

நேற்று பாலாவிச் சந்திக் கம்பியூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று விசிறி வைத்த பெரிய கார்ட்டைக் காட்டினார். அதற்குப் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டுமாம். நம்முடைய பழைய மொனிட்டருக்குச் சின்னதே தாராளம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை அந்தப் பெரிய பெட்டியை விடவில்லை. யோசித்து வருகிறேன் என்று பஸ் ஏறினேன். அடுத்த ஹோல்ட்டில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

“வாங்க நானா, வீட்ல கேட்டுட்டு வந்தீங்களா?” என்று கடைக்காரர் சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கேட்கத்தானே ஆள் இல்லை. உண்மையைச் சொல்கிறேன் ராத்தா, சின்னதை வாங்கினால் நம் சண்டை முடிந்துவிடும். அதுவும் முடிந்தால் நீங்கள் முழுசாகப் போய்விடுவீர்கள் என்று பயந்தேன்.

விலை குறைந்த, யாரோ பாவித்த கார்ட் ஒன்றும் இருந்தது. எங்கே கிடந்து வெந்ததோ என்று அதைத் தொடவில்லை. கடைசியில் வாறண்டியோடு புதிய சின்னக் கார்ட்டையே வாங்கி வந்து பூட்டினேன், மூடியையும் இறுக்கினேன். உங்கள் லொறி ஒரு இடத்திலும் திக்காமல் ஓடுகிறது. நீங்கள் சொன்னதுதான் சரி. போதுமா?

ஆனாலும் காலையிலிருந்து ஃபோனில் பெரிய கார்ட்களின் விலையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். வாங்கும் எண்ணம் துளியும் இல்லை. நீங்கள் ஒருதரம் ஏசிவிடமாட்டீர்களா என்றுதான்.