சேவியர் என்றொரு பேரிக்காய்

என் ஆசை மச்சான் சேவியருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இங்கிருந்து வருகிற யாராவது உன் காதில் ஊதிவிடுவார்கள். மார்ச் மாதம் மொன்றியல் பக்கத்துச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மண்டபம் நிறைந்த வெள்ளைக்காரருக்கு நடுவில், ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக அழுதேன். உன் செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அங்கே சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில் இருந்தது, அழ நேரம் கிடைக்கவில்லை.

நடந்ததைக் கேள். நீ போன கையோடு உன் பெண்சாதி ராணி அக்கா பியர்பொன்ட்ஸ் வீட்டை விற்றுவிட்டு, அதே பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிட்டார். பழைய வீட்டின் பின்வளவில் நின்ற பேரி மரம் நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்கமாட்டேன். பெண்சாதியை மறந்தாலும் அதை நீ மறக்கமாட்டாய். அணில்கூடக் கடித்துவிட்டுத் துப்புகிற காய். "இது தின்னுற காயில்லையடா, பிழிஞ்சு குடிக்கிற காய்" என்று பிழிந்து, புளிக்கவைத்து, டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குப் போத்தல் திறப்பாய். மூடி போய் முகட்டில் அடிக்கும். முதல் மிடறில் நாக்குச் சுருளும், பிறகு மெல்ல இனிக்கும். எங்கள் பங்குச் சாமியார் இரண்டாம் கிளாஸ் கேட்டது அதற்கு மட்டும்தான்.

வேறொரு மரத்தில் ஒட்டி வளர்க்க அந்த மரத்தில் ஒட்டுக்குச்சி வெட்டி வைக்கலாமென்று பெப்ரவரியில் போனேன். மரம் இல்லை. புதிய வீட்டுக்காரர் தறித்துவிட்டார். அடிக்கட்டைக்கு மேலே பனி தொப்பி போட்டிருந்தது.

ராணி அக்காவிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதுவும் போயிட்டுதோ தம்பி? எங்களுக்குப் பிள்ளை குட்டியுமில்லை. இனி அவரின்ர எண்டு சொல்ல உயிரோட ஒண்டுமில்லை."

அப்போதுதான் உன் மார்ச் மாதத் திருவிழா ஞாபகம் வந்தது. பழமரக்காரர் எல்லாரும் கூடிக் குச்சி மாற்றுகிற அந்த மண்டபத்துக்கு நீ வருஷா வருஷம் கட்டுக்கட்டாய்க் கொண்டுபோய், கேட்டவருக்கெல்லாம் கொடுப்பாயே. வாங்கியவர்களில் ஒருவராவது ஒட்டியிருந்தால் உன் மரம் எங்கேயோ நிற்கத்தானே வேண்டும்?

ஆனால் அங்கே காசு செல்லாது. குச்சிக்குக் குச்சி. சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறவனிடம் என்ன குச்சி இருக்கும்? உன் தங்கச்சி பிலோமினா ஜன்னலோரம் வைத்து, குளிருக்குப் போர்த்து, பிள்ளை மாதிரி வளர்க்கிற கறிவேப்பிலை இருந்தது. மொன்றியல் குளிரில் தளிர்த்து நிற்கிற கறிவேப்பிலையை வேண்டாமென்று சொல்லவும் ஆள் இருக்குமா? நல்ல கிளையாய்ப் பார்த்து வெட்டினேன்.

"ஆரைக் கேட்டப்பா வெட்டினனீங்கள்?"

"உன்ர அண்ணரின்ர அலுவலுக்குத்தான்."

"செத்தும் என்ர கறிவேப்பிலையை விடுறாரில்லை!"

மண்டபத்தில் மேசை மேசையாகக் குச்சிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒட்டுநாடாவில் வகையின் பெயர். முதல் மேசை அம்மா என் கிளையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன ஆப்பிள் என்று கேட்டார். கறி என்றேன். அந்த வகையைத் தான் கேள்விப்பட்டதில்லை என்று மரியாதையாகத் தலையசைத்தார்.

கடைசி மேசையில் மார்செல் என்று ஒரு தாடிக்காரர். அவருடைய கட்டொன்றில் கறுப்பு மையால் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகப் படித்தது மதிலேறுவது மட்டும்தான். ஆனாலும் உன் பெயரை எந்தப் பாஷையில் எழுதினாலும் வாசிப்பேன். சேவியர்!

அவர் பிரெஞ்சில் சொன்னதை, எனக்குப் பிடிபட்ட மட்டுக்குச் சொல்கிறேன். பெயர் தெரியாத மரத்துக்குக் குச்சி தந்தவரின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கமாம். நீ கொடுத்ததை அவர் ஒட்டி, அதிலிருந்து வெட்டி மற்றவர்களுக்கும் கொடுத்து, இப்போது ஆற்றுக்கு அந்தப்பக்கத் தோட்டங்களிலும் சேவியர் காய்க்கிறதாம். பிழிவதற்கு அதைப்போல் காய் கிடையாதாம். மச்சான், எங்களுக்கெல்லாம் பேரனுக்குப் பெயர் வைக்கவே மகளின் காலைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. நீ எப்படியடா சத்தமில்லாமல் ஒரு பழமாகிப் போனாய்?

"சேவியர் எங்கே, இந்த முறை வரவில்லையா?" என்று கேட்டார். நான் மேலே கையைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். கட்டிலிருந்த ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில்தான் நான் அழுதது.

கட்டு முழுவதும் வேறொருவருக்குச் சொல்லிவைத்ததாம். தாடியைத் தடவி யோசித்தார். பிறகு கட்டைப் பிரித்து ஒரேயொரு குச்சியை உருவி, சும்மா கொண்டுபோ என்று நீட்டினார். இனாமாக வாங்கினால் நீ மேலேயிருந்து நக்கலடிப்பாயே! கறிவேப்பிலையை அவர் கையில் வைத்தேன். ஓர் இலையைக் கசக்கி மணந்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"இதை எந்த மரத்தில் வைப்பது?"

"பருப்பில" என்றேன்.

மே மாதம் வரை குச்சி எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஈரத்தாள் போர்த்துக்கொண்டு தூங்கியது. ஆப்பிளின் மூச்சுப் பட்டால் மொட்டுச் செத்துவிடுமென்று மார்செல் சொன்னதால் ஆப்பிளையெல்லாம் வெளியேற்றினேன். "அடுத்தது நானோ?" என்றாள் உன் தங்கச்சி.

ராணி அக்காவின் புது வளவில், வேலியோரமாகக் கடையில் விற்கிற வகைப் பேரி மரம் ஒன்று நிற்கிறது. ஒட்டினால், சமைக்கும்போது குசினி ஜன்னலால் தெரிகிற உயரத்தில் ஒட்டவேண்டுமென்பது அவருடைய கட்டளை. ஏணி வைத்து ஏறி, குச்சியை இரண்டாக்கி, சரிவாய்ச் சீவி, பட்டையோடு பட்டை பொருத்தி, நாடா சுற்றி, மெழுகு பூசினேன். இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளும் எண்ணிப் பார்த்தும், ஒன்றுமில்லை. மூன்றாம் கிழமை, வேலையில் நிற்கிறேன், தொலைபேசி அடிக்கிறது.

"தம்பி, ஓடி வாருமப்பா! மனிசன் கண் முழிச்சிட்டார்!"

செத்தவர் எழும்பிவிட்டார் என்று கூடவேலை செய்கிறவனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இரண்டிலும் பச்சை. ராணி அக்கா செருப்புக்கூடப் போடாமல் மரத்தடியில் நின்று, நீ உயிரோடிருந்தபோது ஏசிய அதே குரலில் உன்னை ஏசிக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாளும் என்னத்தைக் கிழிச்சனீர்?" வென்றுவிட்டோம், மச்சான்.

வருகிற மார்ச்சில் இந்தக் கிளையில் வெட்டிய குச்சியோடு அந்த மண்டபத்தில் நான் நிற்பேன். கேட்டவருக்கெல்லாம் கொடுப்பேன். இது சத்தியம்.

மார்செலுக்கு அனுப்பப் படமெடுக்க மறுபடி ஏணியில் ஏறினேன். ஏணி வேலிப்பக்கம் சாய்ந்தது. அடுத்த வளவில் அன்றுதான் நீச்சல்தொட்டிக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். தொட்டிக்குள் இருந்த அந்த வீட்டுக்காரர் "பொன்ஜூர்" என்றார். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி நானும் பொன்ஜூர் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டியும் இன்னமும் உயிரோடிருக்கிற மச்சான்,
அருளப்பு