வாத்தியார் வாயில் வெற்றிலை

என் அன்பு அத்தானுக்கு,

அங்கே உங்களைப் பேச விடுகிறார்களா? விட்டிருந்தால் இந்நேரம் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வேறு இடம் பார்த்துப் போயிருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். தாலி கட்டிய நாளிலிருந்து கேட்டவள் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். பக்கத்து வீட்டுக்காரர் டெலிவிஷன் பெட்டி வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மாம்பலம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. மாடியில் உங்கள் இங்கிலீஷ் கிளாஸ் மட்டும் நிற்காமல் நடக்கிறது. எப்படி என்று கேட்கிறீர்களா? பொறுங்கள். எப்போதும் போல் முந்திக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கிளாஸ் எப்படி இருந்தது என்பது உங்களுக்கே தெரியாது. காலேஜ் முடிந்து வந்து காப்பியைக் குடித்த கையோடு மாடிக்கு ஓடுவீர்கள். துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள், மயிலாப்பூர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் தனபால், ராயப்பேட்டையிலிருந்து வரும் கமருன்னிசா என்று பாய் நிறைய ஆள். எல்லோரும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

நான் சமையலறையிலிருந்து கேட்பேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் காது இருக்கிறதே! யாரோ ஒருவர் குரலில் ஒரு வாக்கியம் தொடங்கும். நடுவில் திணறும். உடனே உங்கள் குரல் பாய்ந்து வந்து அதை முடித்துவைக்கும். தொடங்கிய குரலிலேயே ஒரு வாக்கியம் முடிந்து நான் கேட்டதே இல்லை.

கமருன்னிசாவுக்கு அந்த இங்கிலீஷ் எவ்வளவு தேவைப்பட்டது என்று நம் இருவருக்கும் தெரியும். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அண்ணி போடும் சோற்றில் பேச்சும் கலந்திருக்கும். மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அழைப்பு வந்தபோது, அது கிடைத்தால் தனி வீடு பார்த்துவிடலாம் என்று என்னிடம் எத்தனை தடவை சொன்னாள்!

இன்டர்வியூ முடிந்து நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தாள். முகமே சொல்லிவிட்டது. நீங்களோ அவள் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டீர்கள்.

"என்னம்மா கேட்டாங்க?"

"மேனேஜர் இல்லாதப்ப அவசரமா போன் வந்தா என்ன செய்வேன்னு கேட்டாங்க சார்."

"நாம பேசிப் பாத்ததுதானே! சொல்ல வேண்டியதுதானே?"

"ஐ வில்னு ஆரம்பிச்சேன் சார். அதோட நின்னுட்டேன். அந்த ஆபீசர் வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். எப்பவும் நீங்க முடிச்சிருவீங்கல்ல, அந்தப் பழக்கம்."

அந்த ஆபீசரும் பாவம், கொஞ்ச நேரம் அவளையே பார்த்திருக்கிறார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நீங்கள் வாயடைத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அது சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் தாங்கியது. இலையில் ரசம் ஆறிக்கொண்டிருக்க, அவளுக்குப் பயம், பயிற்சி போதாது, அந்த ஆபீசர் சரியில்லை என்று அடுக்கினீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவளைத் தோக்கடிச்சது நீங்கதான் அத்தான்" என்றேன்.

"திணறுறவளைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா? தண்ணியில விழுந்தவளுக்குக் கை குடுக்க வேண்டாமா?"

"கை குடுங்க, யாரு வேண்டாங்கறா? நீங்க அவளுக்குப் பதிலா நீந்துறீங்க."

இலையை விட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டீர்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தீர்கள். பிறகு நீங்களாகவே சமையலறை வாசலில் வந்து நின்று, "வாயை மூட முடியலையே செல்லம், நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டீர்கள். குழந்தை மாதிரி கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, உங்கள் மேல் கொள்ளை ஆசையும் வந்தது.

அப்போது தோன்றியதுதான் வெற்றிலை. கல்யாண வீட்டில் மட்டும் போடுகிற மனுஷரைப் பிடித்து, கிளாஸ் ஆரம்பிக்கும்போது இரண்டு வெற்றிலையில் பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்து வாயில் திணித்து அனுப்பினேன். பேச வாயைத் திறந்தால் வெள்ளை வேட்டி கறையாகிப் போய்விடும். பேசுகிறவர் தன் வாக்கியத்தை முடிக்கும் வரை கொல்லைக்குத் துப்பப் போகக் கூடாது என்பது நம் ஒப்பந்தம்.

முதல் நாள் உங்கள் கோலத்தைப் பார்த்துத் தனபால்தான் திகைத்துப் போனான். "இன்னா சார் இது, கல்யாணத்துக்கு வந்தா மாரி குந்திக்கினு கீற?" என்றான். நீங்கள் தலையை அண்ணாந்துகொண்டு "ம்ம், ம்ம்" என்றீர்கள். மாடிப்படியில் நின்று பார்த்த எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஆனால் அந்த மௌனம் இருக்கிறதே, அப்பா! வாக்கியம் பாதியில் நிற்கும். யாரும் முடிக்க மாட்டார்கள். தெருவில் குல்பி ஐஸ்காரனின் மணிச்சத்தம் கேட்கும். எனக்கே ஓடிப்போய் ஏதாவது சொல்லிவிடலாமா என்றிருக்கும். துணிக்கடைக்காரர்களில் இரண்டு பேர், வாத்தியார் பாடம் நடத்தாமல் வெற்றிலை மெல்கிறார் என்று சொல்லி நின்றேவிட்டார்கள். அன்று ஆடிப்போனீர்கள். வெற்றிலை வேண்டாம் என்று தட்டைத் தள்ளினீர்கள். நான் விடவில்லை.

மெல்ல மெல்ல அந்த மௌனத்துக்குள் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை வராவிட்டால் அதைச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திருத்தினார். அந்தத் திருத்தமும் தப்பு என்று மூன்றாவது ஆள் சண்டைக்கு வந்தார். கிளாஸ் முடிந்தும் பனகல் பூங்கா வரை இங்கிலீஷிலேயே வாதாடிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் கடற்கரையில் கூடுகிறார்கள் என்றும், உங்களைக் கூப்பிடவில்லை என்றும் தெரிந்தபோது உங்கள் முகம் போன போக்கு!

கமருன்னிசாவின் அடுத்த இன்டர்வியூ வேறு கம்பெனியில். அங்கேயும் ஓர் ஆபீசர், உங்கள் ஜாதிதான் போலிருக்கிறது. அவள் திணறியபோது அவரே வார்த்தை எடுத்துக் கொடுக்க வந்தாராம்.

"வெயிட் ப்ளீஸ் சார்னு சொல்லிட்டேன்க்கா! நானே சொல்றேன், கொஞ்சம் இருங்கன்னேன்" என்று வந்து சொன்னாள். அழுதாள், சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது.

அன்று நீங்கள் ஊருக்கே ஸ்வீட் கொடுத்தீர்கள். எல்லோரும் போன பிறகு, "இனிமே இவங்களுக்கு நான் எதுக்கு செல்லம்?" என்று கேட்டீர்கள். விளையாட்டாகத்தான் கேட்டீர்கள். நானும் விளையாட்டாக, "எனக்கு வேணுமே" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டேன். நின்று இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அதற்கு அடுத்த வருஷம் புரட்டாசியில். காரியமெல்லாம் முடிந்த மறு வாரம், வழக்கமான நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்து பாயை விரித்துத் தாங்களாகவே உட்கார்ந்துகொண்டார்கள். உங்கள் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னான் தனபால்.

"எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதேப்பா" என்றேன்.

"அதாங்க்கா வோணும். உனக்குத் தெரியாது, நீ எடுத்துக் குடுக்க மாட்டே. நாங்களே தட்டுத் தடுமாறி வந்துடுவோம்" என்றான்.

அப்படித்தான் உட்கார்ந்தேன், அப்படித்தான் நடக்கிறது. போன வாரம் கமருன்னிசா வந்திருந்தாள். வேலைக்குப் போனாலும் வாரம் ஒரு நாள் வருகிறாள், தனி வீட்டில் இருக்கிறாள், பெண்கள் இருவரும் நன்றாகப் படிக்கிறார்கள். அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். "இன்னைக்கு நீங்க பேசணும்க்கா. சாரைப் பத்திச் சொல்லுங்க."

"மை ஹஸ்பெண்ட்" என்றேன். அதோடு நின்றது. உங்களைப் பற்றித் தமிழில் விடிய விடியப் பேசுவேனே! தனபால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே, பாவிகள்! கடைசியில் சொன்னேன்: "டாக் டூ மச்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் இன்னும் ஒன்று இருந்தது. "ஐ வாண்ட்" என்றேன். மறுபடியும் நின்றது. அந்த நேரம் நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? வாசலைப் பார்த்தேன். நீங்கள் குறுக்கே பாய்ந்து வந்து இதை முடித்துவைக்க மாட்டீர்களா என்று இருந்தது அத்தான். ஆயுசிலேயே முதல் முறையாக.

நீங்கள் வரவில்லை. நானே முடித்தேன். "ஐ வாண்ட் டு ஹியர்."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. தப்பு என்று திருத்தவும் இல்லை.

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். அங்கே வந்து சேரும்போது, உங்களோடு இங்கிலீஷிலேயே சண்டை போடும் அளவுக்குக் கற்றுக்கொண்டு வருவேன். ஆனால் வந்த அன்று சண்டை கிடையாது. நீங்கள் பேசுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

உங்கள் தாய்மாமன் மகள்,
செல்லம்மா