வடக்கு யன்னலடிப் பச்சை

வைலே,
மே 21

அன்புள்ள மகன் ரஜிதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பேர்த்தில் நீயும் மேனுஜாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாய்த் தூங்கி, சுகமாய் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் இந்தக் கிழமை வாய்விட்டுச் சொல்லும்படி சுகம். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ இரண்டு நிமிடத்தில் சரியம்மா என்று வைத்துவிடுவாய், இது அவசரத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை.

பாரிசவாதம் வந்து வேலையை விட்டதிலிருந்து அப்பா குசினி யன்னலடியில் கதிரையைப் போட்டு வெளியே பார்த்தபடி இருந்தது உனக்குத் தெரியும். அது வெயில் படாத வடக்குப் பக்கம், பீச் என்கிற பெரிய காட்டு மரத்துக்குக் கீழே புல்லும் பிடிக்காத வெறும் கறுப்பு மண். போன ஆவணியில் ஒருநாள், அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். மெல்ல மெல்ல வாயைத் திருப்பிச் சொன்னார். பிராண்டே ஊரில் இரவு வேலை முடிந்து வரும்போது, இருபத்தாறு வருசமும், மே மாதத்தில் ஒரு காட்டோரம் காரை நிற்பாட்டி பிளாஸ்கில் மிஞ்சின தேத்தண்ணியைக் குடிப்பாராம். மரங்களுக்குக் கீழே கண் போகும் தூரத்துக்கு ஸ்கௌமெர்க்கச் செடி நிலத்தை மூடிப் படர்ந்து கிடக்குமாம். நட்சத்திரம் மாதிரி இலை, கடுகளவு வெள்ளைப் பூ, காய்ந்தால் புது வைக்கோல் மணம். விடியப்புறப் பனிப்புகார் எழும்ப, பூ நிலத்தைத் தொடாமல் மிதக்குமாம். அவர் பத்து நிமிடம் பிந்தி வருகிறார் என்று எங்கள் பலசரக்குக் கடை திறக்கிற அவசரத்தில் நான் ஏசினது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

ஐம்பது சாடிச் செடி வாங்கி நட்டால் பின்னேரமே பச்சையாகிவிடும் என்றேன். வாங்கி வைச்சால் அது உன்ரை சாமான், தவம், விதைச்சால்தான் என்ரை, என்றார். சரியென்று விதை எடுப்பித்தேன். பிறகு செய்தது என் பிழை, மறைக்கவில்லை. ஒருவரையும் கேட்காமல், பயறு முளைக்கட்டுகிற மாதிரி ஈரத்துணியில் முடிந்து ஹீற்றருக்கு மேலே வைத்தேன். ஊருக்கெல்லாம் பயறு விற்கிறவளுக்கு ஒரு விதையை முளைக்க வைக்கத் தெரியாதா என்ற மிதப்பு. பத்தாம் நாள் அவிழ்த்தால் புளித்த மணமும் பூஞ்சணமும்தான். அப்பா கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அந்த மாதம்தான் அவருடைய பாஸ்போட்டும் முடிந்தது. புதுப்பித்தால் மகனிடம் ஒருக்காப் போய்வரலாம் என்றேன். எனக்குப் பத்து வருசத்துப் பாஸ்போட்டோ, ஒரு வருசத்துக்குக் குடுப்பாங்களெண்டால் கேள், என்றார். நான் கடைக்குப் போய்ச் சாமான் அறைக்குள் நின்று அழுதேன்.

பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டனிடம் சொன்னபோது அவள் தலையில் கைவைத்தாள். அந்த விதை ஒரு பனிக்காலம் முழுக்கக் குளிரில் கிடந்தால்தான் கண் திறக்குமாம். அதே மரத்தடி மண்ணைத் தட்டில் நிரப்பி, கார்த்திகையில் இரண்டாம் தரம் விதைத்து, குருவி கிளறாமல் வெங்காயச் சாக்கு வலையால் மூடி வடக்குப் பக்கத்திலேயே விட்டேன். கடையில் நிற்கிற கிளோறியாவுக்கு ஒரே பகிடி. அன்ரி, பனிக்குள்ளை வெறும் மண்ணுக்குக் காவல் நிக்கிறியள், இஞ்சை சனம் அரிசிக்கு நிக்குது, என்பாள். பங்குனியில் ஒன்றுமில்லை, சித்திரையிலும் இல்லை.  ஆனால் ஒருநாள் பார்த்தேன், அப்பாவின் கதிரை பாதி யன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

போன திங்கட்கிழமை காலை நான் கடைக்கு வெளிக்கிடக் கதிரையில் ஆளில்லை, பின்கதவு திறந்து கிடக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தடி மண்ணில் இருக்கிறார், ஊன்றுபொல்லு ஒரு பக்கம் கிடக்கிறது. விழுந்துவிட்டார் என்று கத்தினேன். கத்தாதை, இஞ்சை பார், என்று வலையைத் தூக்கினார். பன்னிரண்டு முளை, மகன். ஊசிமுனைப் பச்சை. அவரைத் தூக்க என்னால் முடியவில்லை, நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன். புதுப் பீச் இலைக்குள்ளால் வந்த வெளிச்சத்தில் அவருடைய கையும் என்னுடைய சேலையும் பச்சையாய்க் கிடந்தன. எவ்வளவு நேரமோ தெரியாது, கிளோறியா போன் அடித்தபடி, நான் எடுக்கவில்லை. எப்ப பூக்கும் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது, இந்த வருசம் இல்லை, அடுத்த மே என்று கிர்ஸ்டன் சொன்னதைச் சொன்னேன். வலையைத் திரும்ப மெல்ல மூடினார். பிறகு, அப்ப அந்தப் போட்டோக் கடைக்காரன் எத்தனை மணிக்குத் திறப்பான், என்றார்.

அடுத்த வருசம் ஆனிக்கு முன்னம் எங்களுக்கு டிக்கெட் போட்டுவிடாதே, பூ முடியாமல் அவர் வரமாட்டார். மேனுஜா வேலையால் பத்து நிமிடம் பிந்தினால் ஏசாதே, என்ன பார்த்தாய் என்று கேள். இரண்டு பேரும் பிள்ளையார் துணையில் நீண்ட காலம் ஒன்றாய் வாழ வேண்டும். உங்கள் நாட்டுக்குள் இலை, விதை விடமாட்டார்கள், அதனால் பாஸ்போட்டுக்கு எடுத்ததில் மிஞ்சின போட்டோ ஒன்றை வைத்திருக்கிறேன். அப்பாவின் காதடியில் இருப்பது மண். கடைக்காரன் கொம்பியூட்டரில் அழித்துத் தருகிறேன் என்றான், அவர்தான் விடவில்லை.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
தவமலர்